பாவாயி சொன்னதும் நான் எழுதியதும்

நேற்று மாலை உங்களில் ஒருவர் என்னிடம் ஒரு சந்தேகம் கேட்டார். "ஆம்பிகுவஸ், வேக், ஈக்விவோகல் இந்த மூன்று இங்கிலீஷ் சொற்களுக்கும் தமிழில் 'தெளிவற்ற' என்று போட்டுவிட்டால் போதும்தானே ஐயா?" என்றார். நான் சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில்தான். ஆனால் ஒரு வரியில் சொன்னதை ஒரு வாரத்தில் மறந்துவிடுவீர்கள். எனக்கு அந்த வேறுபாடு இன்றுவரை மறக்கவில்லை. ஏனென்றால் அது தெரியாமல் நான் எழுதிய இரண்டு வரிகள் ஒரு பெண்ணைச் சிறைக்கு அனுப்பப் பார்த்தன.

வெள்ளைக்காரத் துரைகள் இருந்த காலம். சேலத்துக்கு மேலே மலையில், கரடியூருக்கும் மஞ்சக்குட்டைக்கும் நடுவில் இருந்த ஒரு காப்பி எஸ்டேட் ஆபீசில் நான் சின்ன ரைட்டர். தொழிலாளிகள் சொல்வதை இங்கிலீஷில் எழுதிப் பெரிய துரையிடம் கொடுக்க வேண்டும். துரை சொல்வதைத் தமிழில் அவர்களுக்குச் சொல்ல வேண்டும். இப்போது நீங்கள் செய்யப்போகிற அதே வேலை. எனக்கு வயது இருபத்து மூன்று. இங்கிலீஷ் சொற்றொடர்களை ஒரு சின்ன நோட்டில் எழுதி வைத்து மனப்பாடம் செய்வேன். புதிதாக ஒன்று கற்றுவிட்டால் அதை எங்கேயாவது எழுதித் தீர்த்தால்தான் எனக்கு மனம் ஆறும்.

பழம் பறிக்கும் பெண்களில் பாவாயி என்று ஒருவர் இருந்தார். நாற்பது வயது தாண்டியிருக்கும். கணவர் இறந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. அவருடைய பெற்றோர் ஓமலூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர்கள். அவர் பிறந்ததே எஸ்டேட்டில் தொழிலாளிகள் குடியிருக்கும் லைன் வீட்டில்தான். இருபது பெண்கள் அவர் சொன்னால் கேட்பார்கள். துரைமார் எதிரில் குரலைத் தாழ்த்திப் பேசும் பழக்கம் அவருக்கு இல்லை.

பறிப்பு உச்சத்தில் இருந்த ஒரு நாள் காலை, ஆட்களைப் பேர் கூப்பிடும் இடத்தில் அவருக்கும் சின்ன துரைக்கும் வாக்குவாதம் வந்துவிட்டது. பெரிய துரைக்கு உதவியாளரான சின்ன துரை சீமையிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. என் வயதுதான் இருக்கும். இரவெல்லாம் தூறல் போட்டுப் பாறைச் சரிவு நனைந்திருந்தது. அங்கே உள்ள செடிகளை அன்றைக்கே பறித்து முடிக்க வேண்டும் என்பது அவர் உத்தரவு.

"வழுக்குதுங்க தொரை. வயசான பொம்பளைங்களை அங்க ஏத்த மாட்டனுங்க. வேணும்னா நான் ஏறிப் பறிக்கறேன்" என்றார் பாவாயி.

நான் மொழிபெயர்த்தேன். சின்ன துரையின் முகம் சிவந்துவிட்டது. சொன்னதைச் செய்யாவிட்டால் நாளை முதல் இவளுக்கு இங்கே வேலை இல்லை என்று சொல்லச் சொன்னார். சொன்னேன். பாவாயி கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அதையும் பாப்போமுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். சுற்றி நின்ற எல்லோரும் அதைக் கேட்டார்கள். நானும் கேட்டேன்.

மறுநாள் மத்தியானம் கரடியூர் எல்லைப் பக்கத்திலிருந்து கூச்சல் கேட்டது. நாலு ஆட்கள் ஒரு கம்பளியைத் தொட்டில் மாதிரிக் கழியில் கட்டிச் சின்ன துரையைத் தூக்கி வந்தார்கள். தலையில் கட்டு, சட்டையெல்லாம் ரத்தம், நினைவில்லை. பள்ளத்தில் கிடந்தார் என்றார்கள். எஸ்டேட் மருந்துக்கடை கம்பவுண்டர் காயத்தைக் கழுவி வேறு கட்டுப் போட்டார். பெரிய துரையின் காரிலேயே அவரைச் சேலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

அவர்கள் போன கையோடு மேஸ்திரி ஆபீசுக்கு வந்தார். பெண்களின் வேலையை மேற்பார்வை பார்ப்பவர் அவர்.

"ஏனுங்க, நொம்ப பனி மூட்டமுங்க. ஆள் தெரியலீங்க, குரல்தான் கேட்டுது. பாவாயி குரல்தானுங்க. 'நீங்கெல்லாம் போங்க, அவரை நான் பாத்துக்கறேன்'னு சொல்லுச்சுங்க. கொஞ்ச நேரங் கழிச்சு அதுவே கத்துது. ஓடிப்போய்ப் பாத்தா தொரை பள்ளத்துல கெடக்கறாருங்க. பக்கத்துல பாவாயியோட கம்பளியும் கெடக்குது."

மேஸ்திரி பொய் சொல்கிற ஆள் இல்லை. காதில் விழுந்ததைச் சொன்னார், கண்ணால் பார்த்ததைச் சொன்னார். அவர் மேல் எனக்கு இன்றும் குறை இல்லை.

பெரிய துரை பாவாயியை ஆபீசுக்குக் கூப்பிட்டு வரச் சொன்னார். துரை கேட்கக் கேட்க நான் தமிழில் கேட்டேன்.

"முந்தாநேத்துச் சின்ன தொரையோட சண்டை போட்டியா?"

"முந்தாநேத்து இல்லீங்க, நேத்துங்க. ஆமா, போட்டனுங்க."

"இன்னிக்கு 'அவரை நான் பாத்துக்கறேன்'னு சொன்னியா?"

"சொன்னனுங்க."

"அப்பறம் என்ன செஞ்சே?"

பாவாயி தலையை நிமிர்த்தினார். "சொன்னாப்பலயே பாத்துக்கிட்டனுங்க" என்றார்.

அந்த வாரம் என் நோட்டில் புதிதாக ஏறியிருந்த சொற்றொடர் 'டீல் வித்'. என் பேனா அதைத் தேடிப் போய் எடுத்துக்கொண்டது. நான் இங்கிலீஷில் எழுதியதைத் திருப்பித் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "அவனை நான் ஒரு கை பார்க்கிறேன் என்றேன். சொன்னபடியே ஒரு கை பார்த்தேன்."

பெரிய துரை அந்தத் தாளை இரண்டு தடவை படித்தார். அதற்குமேல் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பழம் நிறுக்கும் கொட்டகையில் பாவாயியை உட்கார வைத்து, வாசலில் இரண்டு காவலாட்களை நிறுத்தினார். யாரும் அவரோடு பேசக் கூடாது என்று உத்தரவு போட்டார். என் தாள் ஓர் உறைக்குள் போய்ச் சேலத்துக்கு இறங்கியது. இரண்டாம் நாள் காலையில் மாஜிஸ்திரேட் மலைக்கு வருகிறார் என்று பதில் வந்தது.

'பாத்துக்கறேன்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருள் உண்டு என்பது எனக்குத் தெரியாதா? பேச்சு வந்த நாளிலிருந்து நான் பேசுகிற மொழி அது. ஆனால் சண்டையை நான் கண்ணால் பார்த்திருந்தேன். மேஸ்திரி சொன்னதைக் கேட்டிருந்தேன். கதையை மனசுக்குள் முடித்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் பாவாயியின் சொல்லைக் காதில் வாங்கினேன். நம் தொழிலில் வருகிற தப்புகளில் பாதி இங்கிலீஷ் தெரியாமல் வருவதல்ல. இப்படி வருவது.

மாஜிஸ்திரேட் வருகிற நாள் காலையில் ஆபீசுக்கு நடந்துகொண்டிருந்தேன். வழியில் பிள்ளைக் கொட்டகை. வேலைக்குப் போகும் தாய்மார்கள் கைக்குழந்தைகளை அங்கே ஆயாவிடம் விட்டுவிட்டுப் போவார்கள். ஒரு சின்னப் பெண் குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு நகர மனமில்லாமல் நின்றாள். குழந்தைக்குச் சளி. ஆயா அவளை வெளியே தள்ளாத குறையாக, "நீ போ கண்ணு. புள்ளைய நான் பாத்துக்கறேன்" என்றார்.

எனக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது. அந்த ஆயாவின் பேச்சை இங்கிலீஷில் எழுதச் சொல்லியிருந்தால் 'டீல் வித்' என்று எழுதியிருப்பேனா?

ஓடினேன். கொட்டகை வாசலில் காவலாட்கள் வழி மறித்தார்கள். துரை உத்தரவு என்றார்கள். பாவாயி உள்ளே சுவரோரமாக உட்கார்ந்திருந்தது தெரிந்தது. அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், ஆனால் கேட்க வழியில்லை. அங்கிருந்து நேராகப் பெரிய ரைட்டரிடம் போனேன்.

பெரிய ரைட்டர் என்னை வேலைக்கு எடுத்தவர். ஆபீஸ் இங்கிலீஷ் முழுவதும் எனக்கு அவர் சொல்லிக் கொடுத்ததுதான். நான் சொன்னதைக் கடைசிவரை கேட்டார். பிறகு மேசை டிராயரிலிருந்து ஆபீஸ் சொற்பட்டியலை எடுத்து விரித்தார். அவரே வருடக்கணக்காகச் சேர்த்து எழுதியது. ஒரு பக்கம் இங்கிலீஷ், எதிர்ப் பக்கம் தமிழ். ஆம்பிகுவஸ்: தெளிவற்ற. ஈக்விவோகல்: தெளிவற்ற. வேக்: தெளிவற்ற.

வேக் என்ற சொல்லின் மேல் விரலை வைத்தார். "இதைச் சொல்லிப்போடு கண்ணு. 'பொம்பளை பேச்சு வேக்கா இருந்துதுங்க, எனக்குப் புரிஞ்ச மாதிரி எழுதினேன்'னு சொல்லு. உன் எழுத்தும் தப்பில்லைன்னு ஆயிரும். அவளையும் ஜெயிலுக்கு அனுப்ப மாட்டாங்க."

"அப்பறம் அவங்களை எஸ்டேட்ல வெச்சுக்குவாங்களாங்க?"

"அதெப்படி வெச்சுக்குவாங்க? சந்தேகம்னு வந்துட்டா வந்துட்டதுதானே. மலையை விட்டு எறங்கிப் போகோணும். உசுரோட போறாளேன்னு நெனைச்சுக்க. நீ போய் 'நான் தப்பா எழுதிட்டேன்'னு நின்னீன்னா, அவளுக்கு முன்னால உன் பேரை அடிச்சுருவாங்க. உங்கப்பனும் ஆத்தாளும் உன் கையைத்தானே நம்பி இருக்காங்க?"

அவர் கெட்டவர் அல்ல. என்னையும் காப்பாற்றப் பார்த்தார், பாவாயியையும் பாதி காப்பாற்றப் பார்த்தார். எனக்கும் அந்தச் சொல் கம்பளி போலக் கதகதப்பாகத்தான் இருந்தது. அதைப் போர்த்திக்கொண்டால் என் தப்பு மறைந்துவிடும். வராந்தாவை நோக்கி நடக்கும்போது அதைச் சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் முடிவு செய்தேன். உங்களிடம் மறைப்பானேன்?

பெரிய துரையின் பங்களா வராந்தாவில் விசாரணை. வெளியே புல்தரையில் நூறு பேருக்குமேல் நின்றிருந்தார்கள். மாஜிஸ்திரேட்டும் வெள்ளைக்காரர்தான். மெலிந்த உருவம், மூக்குக்கண்ணாடி. ஊருக்குப் புதியவர், சர்க்கார் தமிழ்ப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தார். பாவாயியைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். இரண்டு நாள் அடைபட்டிருந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. பார்வையில் மட்டும் பயம் இல்லை.

மாஜிஸ்திரேட் என் தாளைப் படித்தார். நிமிர்ந்து என்னை இங்கிலீஷில் கேட்டார்: "இது நீ எழுதியதா? இவள் சொன்னது இதுதானா?"

பக்கத்தில் பெரிய ரைட்டர் மெல்லக் கனைத்தார்.

"எழுதியது நான்தான், ஐயா" என்றேன். "ஆனால் அவர் சொன்ன சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்றை மட்டும் நான் எழுதிவிட்டேன். எதை எழுதுவது என்று அவரைக் கேட்கவில்லை. தவறு என்னுடையது."

பெரிய துரை நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "இரண்டு நாளாக இல்லாத பொருள் இன்று காலை எங்கிருந்து முளைத்தது? அப்படியே இரண்டு பொருள் இருந்தாலும், இவள் வேண்டுமென்றே அப்படிப் பேசியிருக்கிறாள். ஈக்விவோகல்! மாட்டிக்கொண்டால் தப்பிக்கலாம் என்று மழுப்புகிறாள்."

மாஜிஸ்திரேட் கையைக் காட்டி அவரை உட்கார வைத்தார். "அப்படிச் சொல்ல முடியாது. படிக்காத பெண். தான் சொன்னது என்னவென்று அவளுக்கே தெரியாமல் இருக்கலாம். வேக் என்று குறித்துக்கொள்ளட்டுமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம். பாவாயியைப் பார்த்தேன். தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவருக்குத் தெரிகிறது. என்ன பேசுகிறார்கள் என்று தெரியவில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று தான் சொன்னதைக் கேட்டவர்களில் இரண்டு பக்கத்து மொழியும் தெரிந்த காது என்னுடையது ஒன்றுதான் என்று நம்பி அப்படிப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால் வேக் என்ற சொல் என் வாயில் வரவில்லை.

"இல்லை ஐயா. வேக்கும் இல்லை, ஈக்விவோகலும் இல்லை. ஆம்பிகுவஸ்" என்றேன்.

"மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறதா என்ன?"

"இந்த மலையில் இருக்கிறது, ஐயா. பனி மூடினால் பாதையே கண்ணுக்குத் தெரியாது. அது வேக். பாதை கவட்டையாகப் பிரிகிற இடத்தில் இரண்டு வழியும் பளிச்சென்று தெரியும். போகிறவர் எந்த வழியில் போனார் என்பதுதான் நமக்குத் தெரியாது. அது ஆம்பிகுவஸ். அந்தக் கவட்டையில் ஒருவன் நின்றுகொண்டு, வழி கேட்பவனை ஏமாற்ற வேண்டும் என்றே இரண்டு பக்கமும் கை காட்டினால் அது ஈக்விவோகல். வேக் என்று எழுதினால் இவரை இனி எதுவும் கேட்க வேண்டியதில்லை என்று ஆகிவிடும். ஈக்விவோகல் என்று எழுதினால், கேட்டாலும் இவர் சொல்வதை நம்பக் கூடாது என்று ஆகிவிடும். ஆம்பிகுவஸ் என்றால் இவரைக் கேட்டே ஆக வேண்டும்."

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இரண்டு பொருள் என்று நீ சொல்கிறாய். நான் எப்படி நம்புவது?"

இதை நான் முன்கூட்டியே யோசித்து வைக்கவில்லை. அந்த நிமிஷத்தில் தோன்றியது. "விஷயம் தெரியாத இரண்டு பேரைத் தனித்தனியாகக் கூப்பிட்டு, 'அவரை நான் பாத்துக்கறேன்' என்றால் என்ன அர்த்தம் என்று கேளுங்கள், ஐயா. வேக் என்றால் இரண்டு பேரும் தடுமாறுவார்கள். ஆம்பிகுவஸ் என்றால் தடுமாற மாட்டார்கள்."

முதலில் மாஜிஸ்திரேட்டைச் சேலத்திலிருந்து அழைத்து வந்த கார் டிரைவரைக் கூப்பிட்டார்கள். டிரைவர் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: "இதுல என்னங்க இருக்குது? 'அவனை நான் பாத்துக்கறேன்'னு ஒருத்தன் சொன்னான்னா, அவனுக்கு அடி விழப்போவுதுன்னு அர்த்தமுங்க."

புல்தரையில் ஒரு முனகல் எழுந்தது. பெரிய துரை என்னைப் பார்த்துப் புன்னகை செய்தார்.

அடுத்து, கூட்டத்துக்கு வராமல் குழந்தைகளோடு இருந்த பிள்ளைக் கொட்டகை ஆயாவை அழைத்து வந்தார்கள். அவருக்குக் கேள்வியே விசித்திரமாக இருந்தது. "ஏனுங்க சாமி, இதுகூடவா தெரியாது? பசிச்சா பாலு, அழுதா தாலாட்டு, காய்ச்சல்னா கஷாயம். அதுக்குப் பேருதானுங்க பாத்துக்கறது."

மாஜிஸ்திரேட் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இருவருமே ஒரு நொடிகூடத் தயங்கவில்லை" என்றார். குரல் மாறியிருந்தது. "சரி. இவளைக் கேள்."

நான் பாவாயியின் பக்கம் திரும்பினேன். அவர் என்ன சொல்வார் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. டிரைவர் சொன்ன பொருளே உண்மையாக இருந்தால், நான் எழுதியதும் உண்மையாகிவிடும். அவர் போக வேண்டிய இடத்துக்குப் போவார். மொழிபெயர்க்கிறவன் கேட்கிறபோது எந்தப் பக்கத்துப் பதிலுக்கும் தயாராக இருக்க வேண்டும். இருந்தேன்.

"அக்கா, சின்ன தொரையைப் பாத்துக்கிட்டேன்னு சொன்னீங்களே. எப்படிப் பாத்துக்கிட்டீங்க?"

பாவாயி என்னை வியப்போடு பார்த்தார். இரண்டு நாளில் இந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் நான்.

"எப்படின்னா? நாங்க வரிசையாப் போய்ட்டிருந்தமுங்க. நான் கடைசி ஆளு. மரத்துல சாஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. முன்னால போனவங்க கோவமா உக்காந்திருக்காருன்னு நெனச்சுக்கிட்டாங்க. நான் கிட்டக்கப் போனேன். பல்லு கடகடன்னு அடிக்குது. தொட்டா நெருப்பாச் சுடுதுங்க. மலைக்காச்சலுன்னு தெரிஞ்சுபோச்சு. 'ஏனக்கா நின்னுட்டே'ன்னு கேட்டாங்க. எல்லாரும் நின்னா வேலை கெடும்னுதான், நீங்க போங்க, அவரை நான் பாத்துக்கறேன்னு சொன்னனுங்க. என் கம்பளியப் போத்திவிட்டுட்டு, கரடியூர்ல மொத ஊட்டுல சுடுதண்ணி வாங்கியாரலாம்னு ஓடுனேன். திரும்பி வந்தா ஆளைக் காணோம். கூப்பிட்டேன், கூப்பிட்டேன்... காச்சல் வேகத்துல எந்திரிச்சு நடந்திருக்காருங்க. பள்ளத்துல முனகுனாரு. எறங்கிப் போனா மண்டையில இருந்து ரத்தமாக் கொட்டுது. சீலையக் கிழிச்சு இறுக்கிக் கட்டுனேன். அப்பறந்தான் கத்துனேன்."

நான் மொழிபெயர்த்து முடிப்பதற்குள் மாஜிஸ்திரேட்டின் பார்வை பாவாயியின் சேலைக்குப் போய்விட்டது. கட்டம்போட்ட சிவப்புச் சேலை. முந்தானை ஒரு முழத்துக்குக் கிழிந்து நூல் தொங்கியது. இரண்டு நாளாக அதே சேலையில்தான் எங்கள் எல்லோர் கண்முன்னாலும் இருந்தார்.

கம்பவுண்டரைக் கூப்பிட்டார்கள். "சின்ன துரையைக் கொண்டுவந்தபோது தலையில் ஏதாவது கட்டியிருந்ததா?"

"ஆமாங்க. செவப்புத் துணியில நல்லா இறுக்கிக் கட்டியிருந்துதுங்க. தூக்கியாந்த ஆளுங்க கட்டியிருப்பாங்கன்னு நெனைச்சேன். அந்தக் கட்டு மட்டும் இல்லீன்னா வழியிலயே ரத்தம் போயிருக்குமுங்க." போய் அந்தத் துணியை எடுத்து வந்தார். முந்தானைக்கு நேராகப் பிடித்தார்கள். கட்டத்தோடு கட்டம் சேர்ந்தது.

அதற்குள் கூட்டத்துக்குள்ளிருந்து ஒரு குரல். கரடியூர் விவசாயி ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "ஏனுங்க, எங்க ஊட்டுலதானுங்க சுடுதண்ணி கேட்டு வந்தாங்க. என் ஊட்டுக்காரி சுக்குத் தட்டிப் போட்டுக் குடுத்தா. செம்பு இன்னும் அந்தப் பள்ளத்துலதான் கெடக்கோணும். நேத்தே சொல்லலாம்னு வந்தனுங்க. உள்ள உடலீங்க."

மாஜிஸ்திரேட் எழுந்து நின்றார். என் மொழிபெயர்ப்புக்குக் காத்திருக்காமல், பரீட்சைக்குப் படித்த தமிழில் தானே சொன்னார்: "அம்மா, நீங்கள் போகலாம். தவறு எங்களுடையது."

புல்தரையில் எழுந்த சத்தத்தை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. இருபது பெண்களும் காவலாட்களைத் தள்ளிக்கொண்டு வராந்தாவில் ஏறிவிட்டார்கள். கூப்பிடாமல் பங்களா வராந்தாவில் தொழிலாளிகள் கால் வைத்தது அன்றுதான் முதல் தடவை. யாரோ ஒரு தகர டப்பாவைத் தட்ட ஆரம்பித்தார்கள். மேஸ்திரி தலைத்துண்டை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்தார். பெரிய துரை என்னிடம் வந்து, "நாளைக் காலை வழக்கம்போல வேலைக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அவரிடமிருந்து அது பெரிய வார்த்தை.

கூட்டம் கொஞ்சம் கலைந்ததும் பாவாயியிடம் போனேன். கையைக் கூப்பினேன். "மன்னிச்சுக்குங்க அக்கா. என்னாலதான் இவ்வளவும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க ரைட்டரே. உங்களுக்குத் தமிழ் தெரியும்னு நெனச்சுட்டேன்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். என் நோட்டை மறுபடி ஒருநாளும் நான் திறக்கவில்லை.

மறுநாள் காலை சேலத்திலிருந்து பெரிய துரையின் கார் திரும்பி வந்தது. சின்ன துரைக்கு நினைவு வந்துவிட்டதாம். யாரோ ஒரு பெண் தன்மேல் எதையோ போர்த்தியதும், பள்ளத்தில் தன் தலையைப் பிடித்துக் கட்டியதும் ஞாபகம் இருக்கிறது, அவள் யார் என்று கேட்டாராம். அதைக் கேட்ட பெரிய ரைட்டர் சொற்பட்டியலை எடுத்தார். மூன்று இடத்திலும் இருந்த 'தெளிவற்ற' என்பதை அடித்தார். "நீயே சொல்லு கண்ணு, எழுதறேன்" என்றார். வேக் என்பதற்கு மங்கல் பேச்சு என்றேன். ஈக்விவோகல் என்பதற்கு மழுப்பல் என்றேன். ஆம்பிகுவஸ் என்பதற்குக் கவர்பொருள் என்றேன். கவர் என்றால் கவட்டை; புலவர்கள் முன்பே வைத்திருக்கிற பெயர்தான் அது. மூன்றையும் எழுதிவிட்டு அவர் என்னை உட்காரச் சொன்னார். அவர் எதிரில் நான் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

மாஜிஸ்திரேட் விசாரணை நடந்த அன்றிரவு பங்களாவில் தங்கி, மறுநாள் காலையில் புறப்படுமுன் வாக்குமூலத்தைப் புதிதாக எழுதச் சொன்னார். முதலில் தமிழில், பாவாயி சொன்ன சொல்லிலேயே எழுத வேண்டும். அதை அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் இங்கிலீஷ். அந்த எஸ்டேட்டில் நான் இருந்த கடைசி நாள்வரை அதுவே வழக்கமாக இருந்தது. உங்களுக்கும் அதைத்தான் சொல்கிறேன்.

ஆட்களைப் பேர் கூப்பிடும் இடத்தில், எல்லோருக்கும் எதிரில் நின்று படித்தேன். பாவாயி கூடையோடு நின்று தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "திரும்பி வந்தா ஆளைக் காணோம். மூணு தடவை கூப்பிட்டேன்" என்று படித்தபோது கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"மூணு இல்லீங்க ரைட்டரே. நாலு தடவைங்க. நாலாவது தடவைதான் அவரு முனகுனது கேட்டுது."

நான் மாஜிஸ்திரேட்டைப் பார்த்தேன். அவர் தன் பேனாவை என்னிடம் நீட்டினார். 'மூணு' என்பதை அடித்து 'நாலு' என்று எழுதினேன். ஒரு தொழிலாளி சொல்லி, சர்க்கார் காகிதத்தில் ஒரு சொல் மாறியது அந்த மலையில் எனக்குத் தெரிந்து அதுவே முதல் தடவை. மாஜிஸ்திரேட் திருத்தத்தின் பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்துகளைப் போட்டார். அந்த வரியை நான் மறுபடியும் படித்துக் காட்டினேன்.

"இப்பச் செரிங்க" என்றார் பாவாயி.